கர்ப்பிணிகள் பெஞ்சு

செவ்வாய்க்கிழமை என்றால் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் கூட்டம். சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் காலையிலேயே வந்து பெஞ்சை நிறைத்துவிடுவார்கள். கோமதித்தாய் பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தும், ஓரத்தில் அரை ஆள் உட்காருகிற இடம்தான் கிடைத்தது. அதில் ஒருக்களித்து உட்கார்ந்து மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் பிள்ளைத்தாய்ச்சி இல்லை. அவள் போகவேண்டிய அறை எதிரே இருந்தது. கதவுக்கு மேலே ‘சுகவாழ்வு மையம்’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பேர் என்னவோ நல்ல பேர்தான். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் கிடந்த நாற்காலிகளில் ஒருத்தியும் உட்காரவில்லை. அங்கே உட்கார்ந்தால் பால்வினை நோய் என்று நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி. போன தடவை வந்தபோது கோமதித்தாய்க்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. உள்ளே போகிற பொம்பளைகள் எங்கிருந்தோ சட்டென்று வந்தார்கள், வெளியே வந்ததும் சட்டென்று மாயமானார்கள். பிறகுதான் விளங்கிற்று. அத்தனை பேரும் இந்தப் பெஞ்சில்தான் இருக்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குள் பிள்ளைத்தாய்ச்சியாக.

இன்றைக்கும் அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் மூக்குவரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு பலகை மாதிரி இருந்தது. கோமதித்தாய் அவளைப் பார்க்க, அவளும் இவளைப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. தெரிந்து என்ன, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடிவயிற்று வலி ஒரு வருஷமாகவே விட்டு விட்டு இருந்தது. விடியுமுன்னே பிச்சிப்பூ எடுக்கத் தோட்டத்துக்குப் போகிறவள் அவள். செடிக்குச் செடி குனிந்து நிமிரும்போது உள்ளே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் சூட்டு வலி என்பாள். வலியை மறைத்துவிடலாம். மற்றதை எப்படி மறைக்க? துணியை ஊருக்கு முந்தி எழுந்து துவைத்து, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் காயப்போட்டாள். இதைச் சொல்லி அழ ஒரு ஆள் கிடையாது. புருஷன் இசக்கித்துரை ஆட்டுக்கிடையோடு வருஷத்தில் முக்கால்வாசி ஊர் ஊராக, வயல் வயலாகக் கிடக்கிறவன். பெற்ற தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியாரிடம் வாயைத் திறக்க முடியுமா? கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை என்று அவள் ஏற்கெனவே தன் தம்பி மகளை மகனுக்கு ரெண்டாந்தாரமாக மனதில் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

“ஏட்டி, கோமதியா?”

தூக்கிவாரிப் போட்டது. அடுத்த தெரு சுமதி மதினி, மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகளுக்கு நிறைமாதம். சுமதியின் கண் கோமதித்தாயின் முகத்தைப் பார்த்தது, பெஞ்சைப் பார்த்தது, பெஞ்சில் இருந்த வயிறுகளைப் பார்த்தது. பிறகு அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே!

“அடி கள்ளி! ஒரு வார்த்தை சொன்னியாட்டி? எத்தனை நாளு தள்ளிப்போயிருக்கு?”

இல்லை மதினி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் இல்லையென்றால் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். கோமதித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். சுமதிக்கு அது போதும்.

“வெக்கத்தைப் பாரு! இரு, இரு, நல்ல செய்தி. கோமதி அம்மன் கண்ணைத் தொறந்துட்டா. நான் இவளை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்” என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள்.

எதிர்க் கதவு கொஞ்சமாகத் திறந்தது. “கோமதி அக்கா” என்று மெதுவான குரல் கூப்பிட்டது.

உள்ளே டாக்டரம்மா சோதித்துவிட்டு, ஆலோசனை சொல்கிற பெண் ஷமீராவிடம் அனுப்பினார். ஷமீரா கடையநல்லூர்க்காரி. கோமதித்தாயைவிட ஐந்தாறு வயது சின்னவளாக இருப்பாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ரத்தத்துல பயப்படுத மாதிரி ஒண்ணும் இல்லக்கா. ஆனா அந்தத் தொற்று திரும்பவும் வந்திருக்கு. போன தடவை தந்த மாத்திரைக் கவரை வீட்டுக்காரருக்குக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

“அக்கா…”

கோமதித்தாய் பையின் காதைத் திருகினாள். “ஒரு பொழுதுதான் வந்தாவ. விடிஞ்சதும் கிடைக்குப் போயிட்டாவ. எந்த நேரத்துல, என்னன்னு எடுத்துச் சொல்ல? பெட்டியிலயே கெடக்கு.”

ஷமீரா கோபப்படவில்லை. “இங்கன வாரவங்க முக்காவாசிப் பேரு இதையேதான் சொல்லுதாங்க. லாரிக்காரர் பொண்டாட்டி, தறிக்குப் போறவங்க, எங்க ஊருல புருஷன் வெளிநாட்டுல இருக்கவங்க. ஒவ்வொருத்தரும் ஊருலயே தனக்கு மட்டுந்தான்னு நெனச்சு முகத்தை மூடிக்கிட்டு வாராங்க. அந்தப் பெஞ்சுல இருந்து இன்னைக்கு எத்தனை பேரு எந்திரிச்சு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கா?”

“நான் ஒரு தப்பும் பண்ணலம்மா.”

“யாரு சொன்னா நீங்க பண்ணீங்கன்னு? நீங்க மட்டும் மாத்திரை சாப்பிட்டா பிரயோஜனம் இல்ல. அவரு வந்ததும் மறுபடியும் ஒட்டிக்கிடும். ரெண்டு பேரும் சாப்பிடணும்.”

“ஆட்டுக்கும் இப்படித்தான். ஒண்ணு வயித்தால கழிஞ்சுச்சுன்னா கிடை பூராவுக்கும் மருந்து ஊத்துவாவ” என்றாள் கோமதித்தாய்.

“பாத்தீங்களா, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?” ஷமீரா சிரித்தாள்.

“எனக்குப் பிள்ளை தங்குமா?”

சிரிப்பு நின்றது. “இப்ப வழி இருக்குக்கா. இது திரும்பத் திரும்ப வந்தா கர்ப்பக் குழாய் அடைச்சிரும்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. அடைச்சிட்டா பிறகு கஷ்டம். இந்தத் தடவை எப்படியாவது அவரைச் சாப்பிட வச்சிருங்க. கூட்டிட்டு வந்தீங்கன்னா நானே பேசுதேன்.”

மஞ்சள் கவர் அவளுக்கு, சாம்பல் கவர் அவனுக்கு. ரெண்டையும் மாற்றுச் சேலைக்குள் சுருட்டி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சில் அந்த முந்தானை மூடின பெண் இல்லை.

பஸ்ஸைவிடச் செய்தி வேகமாகப் போயிருந்தது. வெயில் நேரத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தவள், வழக்கம்போல அடிபம்பில் நிரம்பியிருந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனாள். மாமியார் வாசலிலிருந்தே அலறினாள்.

“குடத்தைக் கீழ வையிட்டி! கூறு கெட்டவளே, இந்த நெலமையில குடம் தூக்கலாமா?”

மாமியாரே ஓடிவந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தாள். கருப்பட்டி போட்டு நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி கிண்டி வைத்திருந்தாள். “சுமதி போன் பண்ணிச் சொன்னா. நீ ஏன்ட்டி என்கிட்டச் சொல்லல? நான் என்ன உன்னைப் பிடிச்சு முழுங்கிருவனா?” என்று குரல் தழுதழுக்கக் கேட்டாள். களியை உருட்டி மருமகள் கையில் வைத்தாள்.

ஆறு வருஷத்தில் அந்தக் கை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அத்தை, அப்படி ஒண்ணும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மாமியார் அதற்குள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். சொல்லாமல் தின்றாள். களி தித்திப்பாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் அவள் தனியாக இருந்த நாட்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் தடவிக் கொடுக்கும்போது இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பொழுது சாய, பைக் சத்தம் கேட்டது. இசக்கித்துரையின் கிடை இப்போது கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் வெள்ளாமை பண்ணுகிற ஒரு சம்சாரியின் காட்டில் கிடந்தது. தாய் போன் போட்டதும் போட்டது போட்டபடி கிளம்பி வந்திருந்தான். ஒரு பையில் அல்வாவும் மல்லிகைப்பூவும் இருந்தன. இன்னொரு பையில் ஆட்டு மருந்துப் பாட்டில்கள். ரெண்டு ஆடு கழிகிறது, விடிந்ததும் கிடை முழுக்க மருந்து ஊற்றவேண்டும் என்று தாயிடம் சொல்லிக்கொண்டே வந்தவன், கோமதித்தாயைக் கண்டதும் பேச்சை மறந்துவிட்டான்.

புறவாசலில் கல்லின்மேல் உட்கார்ந்தார்கள். பூவை அவன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். காலையெல்லாம் பூ எடுக்கிறவளுக்குப் பூ. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

“நான் உனக்கு ஒண்ணுஞ் செஞ்சதில்லட்டி” என்றான். “கிடையே கதின்னு கெடந்துட்டேன். இனிமே மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துருவேன். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். மருந்து மாத்திரை தந்தாங்களா?”

இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று அவளுக்குப் பட்டது.

“தந்தாங்க. உங்களுக்கும் தந்திருக்காங்க.”

“எனக்கு எதுக்கு?”

“ரெண்டு பேரும் சாப்பிடணுமாம். பிள்ளைக்கு நல்லதாம்.”

அவ்வளவு பெரிய பொய் அவ்வளவு லேசாக வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. அவனோ வாய்விட்டுச் சிரித்தான்.

“அப்படியும் உண்டா! சரி கொண்டா. பிள்ளைக்குன்னா வேப்பெண்ணெயே ஒரு செம்பு குடிப்பேன்.”

உள்ளே ஓடி, சாம்பல் கவரைப் பிரித்து, மாத்திரைகளை மட்டும் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு வந்தாள். அவன் வாங்கிக்கொண்டான். செம்பை வாய்ப்பக்கம் கொண்டுபோனான். பிறகு நிறுத்தினான்.

“சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?”

“எப்பன்னாலும் சரிதான். முழுங்குங்க.”

“கவரைப் பாப்போம்.” ஆட்டு மருந்தாக இருந்தாலும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் ஊற்றுகிற ஆள் இல்லை அவன். ஒருதடவை அளவு தப்பி நாலு குட்டியை வாரிக் கொடுத்திருக்கிறான். எழுந்துபோய், புறவாசல் கதவோரம் கிடந்த மஞ்சப்பைக்குள் அவனே கையை விட்டான்.

சாம்பல் கவரை வெளியே எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். படிக்கக்கூட இல்லை. நிறத்தைப் பார்த்தான், அவ்வளவுதான்.

“நீ எந்த ரூமுக்குப் போன?”

கோமதித்தாய் கவரை வாங்கக் கை நீட்டினாள்.

“இது பிள்ளைத்தாய்ச்சிக்குக் குடுக்குத மருந்து இல்ல. எந்த ரூமுக்குட்டி போன?”

“இந்தக் கவரைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்தது. இசக்கித்துரை முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டான். அங்கே ஒன்றும் இல்லை, உடைமுள்ளும் ஒரு கிழிந்த சாக்கும்தான்.

“போன வருஷம் கிழக்க கிடை போட்டிருந்தோம்ல. அப்பம் எனக்கு நீர்க்கடுப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதைத்தான் தந்தாங்க. சரியாப் போச்சு.”

“ஒரு கவரா தந்தாங்க?”

அவன் கவரைக் கையில் வைத்துத் திருப்பினான்.

“சொல்லுங்க. ஒரு கவரா, ரெண்டு கவரா?”

“ரெண்டு.”

“எனக்குத் தந்தது எங்க?”

“வாய்க்கால்ல போட்டுட்டேன்.” அவன் குரல் உள்ளே போயிருந்தது. “உங்கிட்ட என்னன்னு சொல்லிட்டி குடுப்பேன்?”

கோமதித்தாய்க்குத் தன் பெட்டிக்குள் கிடக்கிற பழைய கவர் ஞாபகம் வந்தது. அவளும் அதே வார்த்தையைத்தானே காலையில் ஷமீராவிடம் சொன்னாள்? அவளுக்கு அவன்மேல் ஆத்திரமும் வந்தது, ஐயோ பாவம் என்றும் வந்தது. இந்த ஒரு வருஷமாக விடியுமுன்னே எழுந்து துவைத்ததும் வலியோடு குனிந்ததும் ஒரு வாய்க்காலில் மிதந்து போயிருக்கிறது. அவள் அவன் கையைப் பிடித்தாள்.

“போனது போகட்டும். இப்பம் இதைச் சாப்பிட்டிருங்க. சாப்பிட்டா நமக்குப் பிள்ளை தங்கும். டாக்டரம்மா சொன்னாங்க.”

“அப்பம் பிள்ளை?”

“பிள்ளை இல்ல. சுமதி மதினி தப்பா நெனச்சுட்டா.”

அவன் கையை உதறினான். மாத்திரைகள் மண்ணில் விழுந்தன. “பிள்ளை பேரைச் சொல்லியா என்னை ஏமாத்துன? அதைச் சொல்லியா மருந்து குடுக்கப் பாத்த?” வெட்கப்பட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. “எனக்கு அப்பமே சரியாப் போச்சு. இனி எனக்கு எந்தச் சவமும் வேண்டாம்.”

சத்தம் கேட்டு மாமியார் வந்துவிட்டாள். அவள் காதில் விழுந்தது ‘பிள்ளை இல்லை’ என்பதுதான்.

“என்ன சொல்லுதா? பிள்ளை இல்லையா? களியைத் தின்னுட்டு, திருநீறு பூசிக்கிட்டு, என்னை ஊருக்குள்ள கேவலப்படுத்திட்டாளே பாவி! பிறகு எதுக்குட்டி ஆஸ்பத்திரிக்குப் போன?”

கோமதித்தாய் புருஷனைப் பார்த்தாள். அவன் சொல்வான் என்று ஒரு மூச்சு நேரம் நம்பினாள். அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“அவளுக்கு ஏதோ சீக்காம்” என்றான்.

“என்ன சீக்கு?”

“எனக்கு என்ன தெரியும்?”

மாமியார் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். கத்தினபோதுகூட அவ்வளவு பயமாக இல்லை.

“புருஷன் ஊருலயே இல்ல. இவளுக்கு எங்கருந்துட்டி சீக்கு வந்துச்சு?”

கோமதித்தாய் வாய் திறந்தாள். “உங்க மகன்கிட்டக் கேளுங்க அத்தை” என்றாள். மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் களிச்சட்டியைத் தூக்கி மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தாள்.

விடிந்தது. ராத்திரி சாவியோடு வெளியே போன இசக்கித்துரை திண்ணையில்தான் படுத்துக் கிடந்தான். ராத்திரி கிடைக்குக் காவல் இருந்த ஆள் விடியவும் ஒரு சடங்குக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டான். மருந்து ஊற்ற ரெண்டு பேர் வேண்டும். ஒருத்தர் ஆட்டைப் பிடித்து வாயை விரிக்கவேண்டும், மற்றவர் ஊற்றவேண்டும். “இவளைக் கூட்டிட்டுப் போ” என்றாள் மாமியார். “ஆட்டைப் பிடிச்சா என்ன, பிள்ளையா கலைஞ்சிரப் போகுது?”

கோமதித்தாய் மண்ணில் விழுந்த மாத்திரைகளை எடுத்துவைக்கவில்லை. பெட்டியைத் திறந்து போன தடவை தந்த சாம்பல் கவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பைக்கின் பின்னால் உட்கார்ந்தாள். பைக் கரிவலம்வந்தநல்லூர்க் காட்டுப் பக்கம் போய் நின்றது.

அறுத்துப்போட்ட சோளக்காட்டில் வலை கட்டி உள்ளே செம்மறிகள் நின்றன. புழுக்கை வாடையும் பனியும் கலந்து கிடந்தது. கழிகிற ஆடுகள் ரெண்டும் ஓரத்தில் வால் நனைந்து தலை தொங்கி நின்றன. இசக்கித்துரை மருந்தைத் தண்ணீரில் கலந்தான், மூங்கில் குழாயில் அளந்து ஊற்றினான். சிரட்டையில் செங்காவியைக் குழைத்து அவளிடம் தந்தான். மருந்து குடித்த ஆட்டின் நெற்றியில் காவியைத் தடவிவிட வேண்டும். அப்போதுதான் எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரியும்.

அவள் ஒவ்வொன்றாகக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டாள். தாடையை விரித்தாள். அவன் குழாயை வாயோரமாக நுழைத்து, தொண்டையைத் தடவிவிட்டு, அது விழுங்குகிறவரை பொறுமையாக நின்றான். புரை ஏறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் தலையைச் சரியாகத் தாங்கிக்கொண்டான். முரண்டு பிடித்ததைக்கூட அடிக்கவில்லை. “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்று சமாதானம் சொன்னான். அவளுக்கு அடிவயிறு சுண்டிச் சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் பிடித்தாள்.

ஒரு கொழுத்த கிடா வலை ஓரமாக நழுவப் பார்த்தது. “அது நல்லாத்தான இருக்கு” என்றாள்.

“நல்லா இருந்தா? உள்ளுக்குள்ள இருக்கும், வெளிய தெரியாது. பிடி, பிடி. ஒண்ணு தப்பிச்சுன்னாலும் கிடை பூரா திரும்ப வந்துரும்” என்றான் இசக்கித்துரை.

சொன்னவன் தானே ஓடிப்போய் அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்து வந்தான்.

வெயில் ஏறியபோது வேலை முடிந்தது. அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கிடையைச் சுற்றிப் பார்த்தான்.

“எல்லாம் ஆச்சா?”

“ஆட்டுக்கெல்லாம் ஆச்சு.” அவள் இடுப்பிலிருந்து சாம்பல் கவரை எடுத்தாள். காவி அப்பின விரல்களால் அதை நீட்டினாள். “நீங்கதான் பாக்கி.”

கண்ணுக்கெட்டின தூரம் வரை ஆள் இல்லை. மாமியார் இல்லை, சுமதி இல்லை, வெட்கப்பட ஒரு மனுஷன் இல்லை. ஆடுகள் மட்டும்தான். அவன் கவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குடத்தண்ணீரைச் சரித்து மூங்கில் குழாயைக் கழுவ ஆரம்பித்தான். உள்ளே ஒருதடவை, வெளியே ஒருதடவை, மறுபடியும் உள்ளே. நன்றாகக் கழுவி வெயிலில் சாய்த்துவைத்தான். வலையை அவிழ்த்துவிட்டு, நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தான்.

செம்மறிகள் எழுந்து அவளை உரசிக்கொண்டு நடந்தன. கிழடும் குட்டியும், சீக்கானதும் சீக்கில்லாததும், ஒன்று பாக்கியில்லாமல் எல்லா நெற்றியிலும் செங்காவி இருந்தது. நீட்டின கையை அவள் இன்னும் மடக்கவில்லை. கடைசியாக, தொரட்டிக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் நெற்றியோடு அவன் அவளைத் தாண்டிப் போனான்.